'ரிப்போர்ட்' பட்டனை அழுத்துவதற்கு முன்: ஆன்லைன் போலிகளுக்கு எதிரான புகார் வேலை

தங்கள் பிராண்டின் பெயரில் ஆன்லைனில் போலி விற்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான நிறுவனங்கள் செய்யும் முதல் காரியம், 'ரிப்போர்ட்' பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்துவது. போதிய தகவல் இல்லை என்று தானியங்கி பதில் வரும். அதே புகாரைக் கொஞ்சம் கோபம் கூட்டி மறுபடி அனுப்புவார்கள். அதே பதில் மறுபடி வரும். இந்த ஆன்லைன் சந்தை நிறுவனங்களுக்கு அக்கறையே இல்லை என்று அந்த இடத்தில் முடிவுகட்டிவிடுவார்கள். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் அனுப்பிய புகாரை எடுத்துப் படித்தால் கோளாறு பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். எந்த உரிமை மீறப்பட்டது என்ற தகவலே இருக்காது, இல்லையென்றால் தவறான உரிமையைச் சொல்லியிருப்பார்கள்.

புகாரைப் பரிசீலிப்பவர் உங்கள் பொருளைத் தொட்டுப் பார்த்தவரில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு லிஸ்டிங் (பொருளை விற்பனைக்குப் போட்டிருக்கும் பக்கம்), ஒரு பதிவு எண், நீங்கள் எழுதிய நாலு வரி. அந்த நாலு வரியை மறுக்க முடியாததாக ஆக்கும் வேலை முழுவதும் புகாருக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

எந்த உரிமை?

உங்கள் பெயரையும் லோகோவையும் ஒட்டி, நீங்கள் தயாரிக்காத பொருளை விற்பது ஒரு வகை. பெயரைத் தொடாமல் வடிவத்தை மட்டும் அச்சு அசலாக எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. பொருள் என்னவோ, படம் மட்டும் உங்களுடையது என்பது மூன்றாவது. நான்காவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: பொருள் அசல்தான், உங்கள் விநியோகஸ்தர் யாரிடமோ வாங்கி, உங்களிடம் கேட்காமல், விலை குறைத்து விற்கிறார்கள்.

இந்த நான்காவது போலி ஆகாது. உரிமையாளரே சந்தையில் விட்ட சரக்கின் மறுவிற்பனையை டிரேட்மார்க்கை வைத்துத் தடுக்க முடியாது என்பது பெரும்பாலான நாடுகளில் பொது விதி. எல்லை தாண்டி வந்த சரக்கென்றால் விதி மாறும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே நீங்கள் விற்றதை ஒருவர் உள்ளே கொண்டுவந்து விற்றால் அங்கே தடுக்கலாம். பகுதிக்குள் நீங்களே விற்றதைத் தடுக்க முடியாது. விலையைக் கெடுக்கிறார் என்ற எரிச்சலில் இவர் மேல் 'போலி' என்று புகார் கொடுத்தால், அவர் கொள்முதல் பில்லைக் காட்டுவார், லிஸ்டிங் திரும்பி வரும். அதற்குப் பிறகு உங்கள் பெயரில் வரும் நியாயமான புகாரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர் மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் விநியோகஸ்தர் ஒப்பந்தத்தைத்தான் புரட்ட வேண்டும், சரக்கு எவர் கை வழியாக வெளியே போனது என்று.

போலி என்பதற்கு உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான ட்ரிப்ஸே ஒரு வரையறை வைத்திருக்கிறது, 51ஆம் பிரிவின் அடிக்குறிப்பில்: முறைப்படி பதிவான டிரேட்மார்க்கோடு ஒரே மாதிரியான, அல்லது முக்கிய அம்சங்களில் பிரித்தறிய முடியாத குறியை அனுமதியின்றித் தாங்கிய சரக்கு. 'பதிவான' என்ற சொல்லைக் கவனியுங்கள். பதிவில்லாத பெயருக்கும் பல நாடுகளில் நீதிமன்றப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஆன்லைன் சந்தைகளின் புகார்ப் படிவமும் சுங்கத் துறையும் முதலில் கேட்பது பதிவு எண்ணைத்தான்.

டிரேட்மார்க் பதிவு நாட்டுக்கு நாடு தனித்தனி. பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேச நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள்; 1 முதல் 34 வரை பொருட்கள், மீதி 11 சேவைகள். காலணிக்கு 25ஆம் வகுப்பில் பதிவு வைத்துக்கொண்டு, உங்கள் பெயரோடு விற்கும் போன் உறைக்கு எதிராகப் புகார் கொடுத்தால், அது 9ஆம் வகுப்பு என்று கை விரிக்க இடமுண்டு. லோகோவை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைத் தனி எழுத்தாகப் பதியாமல் விடுவது அதைவிடப் பரவலான ஓட்டை. போலிக்காரர் பெயரை வேறு எழுத்துருவில் போடுவார், லிஸ்டிங் தலைப்பில் வெறும் எழுத்தாகவே போடுவார். பதிவில் இருப்பதோ ஒரு படம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முதலில் எழுத்துக் குறியைப் பதியுங்கள், லோகோ பிறகு.

எந்தெந்த நாட்டில் பதிவது என்பதற்கு, விற்கும் நாடு என்று எல்லோருக்கும் தோன்றும். தயாராகும் நாடு தோன்றாது. சீனா போன்ற நாடுகளில் யார் முதலில் விண்ணப்பிக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை. சீனச் சுங்கத் துறை இறக்குமதியோடு ஏற்றுமதிச் சரக்கையும் சோதிக்கிறது. அங்கே உங்கள் பெயரை வேறொருவர் பதிந்து வைத்திருந்தால், உங்கள் அசல் சரக்கே துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும் விபரீதமும் உண்டு. ஒரு நாட்டில் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போட்டால், பாரிஸ் உடன்படிக்கைப்படி அந்த முதல் தேதியே அங்கும் செல்லும். சர்வதேசப் பதிவுக்கான மாட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம்.

வடிவத்தை மட்டும் திருடியவருக்கு டிரேட்மார்க் எட்டாது, டிசைன் பதிவு வேண்டும். அதில் கசப்பான விஷயம், வடிவம் புதிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பொருளைச் சந்தையில் விட்டு, நன்றாக ஓடி, நகல் வந்தபிறகு பதியப் போனால், உங்கள் சொந்த லிஸ்டிங்கே உங்களுக்கு எதிரான சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதச் சலுகைக் காலம் தருகிறது. எல்லா நாடும் தராது.

படத் திருட்டுக்கு மட்டும் பதிவு தேவையில்லை. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை நாடுகளில் படம் எடுத்த கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. ஆனால் யாருக்கு? கூலிக்கு வந்த வெளிப் புகைப்படக்காரருக்கு என்றால் பல நாடுகளில் உரிமை அவருடையது, எழுத்துமூலம் மாற்றித் தந்தால்தான் உங்களுடையது. ஒரு பக்க ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கி, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புகார் சீக்கிரம் முடியும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் கீழ் படத்தை நீக்கக் கோரும் அறிவிப்பு அனுப்பினால், எதிர்த்தரப்பு மறுப்பு தரலாம். நீங்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் படம் திரும்ப ஏறிவிடும். பொய்யென்று தெரிந்தே அறிவிப்பு அனுப்பியவர் நஷ்டஈடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

சோதனைக் கொள்முதல்

லிஸ்டிங்கில் உள்ள படத்தை வைத்துப் போலி என்று நிரூபிப்பது கடினம், ஏனென்றால் படம் உங்களுடையதாகவே இருக்கும். வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆர்டர் போடும் முன்பே பக்கத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட், முகவரிப் பட்டையும் தேதியும் நேரமும் தெரியும்படி. லிஸ்டிங் எண், விற்பனையாளர் பெயர், அவருடைய விவரப் பக்கம், விலை, எங்கிருந்து அனுப்பப்படும் என்ற வரி, எல்லாம் வேண்டும். வாடிக்கையாளர் கருத்துகளையும் சேர்த்துச் சேமியுங்கள். 'இது ஒரிஜினல் இல்லை' என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் உங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருப்பார்கள். சேமித்த கோப்புகளுக்கு எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒரு தாளில் குறித்து வைத்தால், பிற்பாடு 'திருத்தியது' என்று யாரும் சொல்ல முடியாது.

வாங்குவது கம்பெனிக் கணக்கிலிருந்தோ கம்பெனி முகவரிக்கோ இருக்கக் கூடாது. பெயரைப் பார்த்ததும் ஆர்டரை ரத்து செய்பவர்களும் உண்டு, அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் அசலை அனுப்பி வைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

பார்சல் வந்ததும் வெட்டாத ஒரே வீடியோ. மூடிய நிலையில் ஆறு பக்கமும், கூரியர் லேபிள் படிக்கும்படி நெருக்கமாக, பிறகு தராசில் எடை, பிறகு பிரிப்பது, உள்ளே உள்ள ஒவ்வொன்றும். வெளி உறையைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பொருளைவிடப் பெறுமானமுள்ளது அந்த உறை: திரும்ப அனுப்ப வேண்டிய முகவரி அதில் இருக்கிறது, ஏழு கடைப் பெயர்களுக்குப் பின்னால் ஒரே கிடங்கு இருப்பதைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் அந்த ஒரு வரிதான். பிறகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மூடி, எண்ணிட்டு, யார் எப்போது வாங்கினார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதுங்கள். பணம் திரும்ப வருகிறதே என்று பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஆதாரத்தைப் போலிக்காரரிடமே கொடுத்ததாக ஆகும்.

ஒப்பிடுவதற்கு அதே காலத்தில் தயாரான உங்கள் அசல் ஒன்று வேண்டும். மூன்று வருடப் பழைய சாம்பிளோடு ஒப்பிட்டு, நீங்களே இடையில் மாற்றிய பெட்டியின் நிறத்தைப் போலியின் அடையாளம் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். எடை, அளவு, தையல், பொருத்துமிடங்கள் பார்த்தபிறகு அச்சைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஆஃப்செட்டில் அச்சான வண்ணப் படத்தில் புள்ளிகள் சிறு பூப்போல வட்டமாக அடுக்கியிருக்கும். கருப்பு எழுத்து கருப்பு மையில் மட்டும் ஓடியிருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். பெட்டியை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தவர் எழுத்தையும் படமாகவே எடுத்திருப்பார், எனவே சின்ன எழுத்துகளின் ஓரத்தில் நிறப் புள்ளிகள் சிதறித் தெரியும். பொருட்கூறு பட்டியல் மாதிரிப் பொடி எழுத்துள்ள இடங்களில் இது பளிச்சென்று தெரியும்.

பார்கோடை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைப் பொருட்களில் வரும் 13 இலக்கப் பார்கோடான இஏஎன்-13இன் கடைசி இலக்கம் மற்ற 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். முழுதாக நகலெடுத்தவனுக்கு அதுவும் சரியாகவே வரும். முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நாட்டைக் காட்டும் என்பது இணையத்தில் சுற்றும் கட்டுக்கதை. அந்த எண்ணை வழங்கிய ஜிஎஸ்1 (பார்கோடு எண்களை நிர்வகிக்கும் அமைப்பு) கிளை எந்த நாட்டுடையது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தொகுதி எண்ணே உருப்படியான ஆதாரம். நீங்கள் வெளியிடாத தொகுதி எண், அல்லது ஒரு தொகுதியில் 2,000 உருப்படிகள்தான் செய்திருக்கும்போது நாடெங்கும் அதே எண்ணோடு வரும் பொருட்கள், இரண்டுமே தயாரிப்புப் பதிவேட்டைக் காட்டி நிரூபிக்கக்கூடியவை.

ஒரே லிஸ்டிங்கில் பல விற்பனையாளர்கள் தொங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கல். கிடங்கில் பார்கோடை மட்டும் பார்த்து எல்லோர் சரக்கையும் ஒன்றாகக் கலந்து வைக்கும் முறை இருந்தால், 'அ'விடம் ஆர்டர் செய்தவருக்கு 'ஆ' கொண்டுவந்து போட்ட போலி போகலாம். அங்கே ஒரே கொள்முதலை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டுவது ஆபத்து. உங்கள் சரக்கைக் கலக்காமல் வைக்கும் தேர்வு இருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு வரி

ஒரு புகாரில் ஒரு உரிமை. டிரேட்மார்க், படம், டிசைன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், பலவீனமான ஒன்றைக் காரணம் காட்டி முழுவதையும் திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதினால் போதும்:

"டிரேட்மார்க் பதிவு எண் இது, வகுப்பு 25, உரிமையாளர் நாங்கள். கீழ்க்காணும் லிஸ்டிங்கில் இந்த விற்பனையாளரிடம் இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில் வாங்கினோம். வந்த பொருளில் எங்கள் குறி உள்ளது. அதிலுள்ள தொகுதி எண் நாங்கள் வெளியிட்டதல்ல. பொருள் எங்களாலோ எங்கள் அனுமதியோடோ தயாரிக்கப்பட்டதல்ல. படங்கள் இணைப்பில்."

'தரமற்றது', 'எங்கள் பெயரைக் கெடுக்கிறது', 'எங்கள் அங்கீகாரம் பெற்றவர் அல்ல' ஆகியவற்றில் ஒன்றுகூட இதில் இல்லை. மூன்றும் உண்மையாக இருக்கலாம், ஆனால் எதுவும் போலி என்பதற்குச் சான்றாகாது. இன்னொன்று: உங்கள் புகாரின் விவரம் எதிர்த்தரப்புக்குப் போய்ச்சேர வாய்ப்புண்டு. கண்டுபிடித்த பதினைந்து வித்தியாசங்களையும் எழுதி அனுப்பினால், அடுத்த தொகுதிக்கான திருத்தப் பட்டியலை நீங்களே இலவசமாகத் தயாரித்துக் கொடுத்த மாதிரி. இரண்டு போதும், அதுவும் திருத்த முடியாத தொகுதி எண் போன்றவை.

லிஸ்டிங் முகவரிகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிடச் சொல்வது வெறும் சம்பிரதாயமல்ல. டிஃபனி நகை நிறுவனம் ஈபே மீது தொடுத்த வழக்கில், தளத்தில் போலிகள் விற்கின்றன என்ற பொதுவான அறிவு மட்டும் போதாது, எந்த லிஸ்டிங் என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2011இல் லோரியால்–ஈபே வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சந்தை நிறுவனங்களைக் கொஞ்சம் இறுக்கியது: விற்பனையை முன்னிறுத்துவதில் தானே பங்கெடுத்தாலோ, சட்டவிரோதம் தெரியவந்தும் விரைந்து நீக்காவிட்டாலோ பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. இரண்டு வழியிலும் பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றுவது, குறிப்பிட்ட லிஸ்டிங்கைக் காட்டி நீங்கள் அனுப்பும் அறிவிப்பு. அதன் நகலும் அனுப்பிய நேரமும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

லிஸ்டிங்கை விட்டு ஆளைப் பிடிப்பது

லிஸ்டிங்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. இறக்கியவரே வேறு கடைப் பெயரில் ஏற்றிவிடுவார். அதனால் ஒவ்வொரு லிஸ்டிங்கையும் ஒரு விரிதாளில் போட்டு, திரும்பும் முகவரி, அனுப்பும் ஊர், தொலைபேசி, வரிப் பதிவு எண், விவரணையில் உள்ள எழுத்துப் பிழை, படத்தை வெட்டியிருக்கும் விதம் என்று பத்திகள் வைத்து வரிசைப்படுத்துங்கள். நாற்பது கடைகள் நாலைந்து ஆட்களாகச் சுருங்கும். எழுத்துப் பிழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரே பிழை பத்துக் கடைகளில் இருந்தால் எல்லாவற்றையும் ஏற்றியது ஒரே கை. இந்தத் தொகுப்போடு, தொடர்ந்து மீறுபவர் என்று கணக்கை முடக்கக் கேட்பது தனித்தனிப் புகாரைவிட எத்தனையோ மடங்கு பலன் தரும்.

அடையாளத்தைத் தோண்டவும் இப்போது சட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள இன்ஃபார்ம் சட்டப்படி, 12 மாதத்தில் 200 விற்பனையும் 5,000 டாலர் வருவாயும் தாண்டும் விற்பனையாளரின் வங்கிக் கணக்கு, வரி எண், தொடர்பு விவரங்களைச் சந்தை நிறுவனம் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் வணிகர் விவரங்களைப் பெறச் சொல்கிறது. அதன் 32ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம்: சட்டவிரோதப் பொருள் என்று தெரியவந்தால், முந்தைய ஆறு மாதத்தில் அதை வாங்கியவர்களுக்குத் தளமே தகவல் சொல்ல வேண்டும். சீனாவின் மின்வணிகச் சட்டத்தில் விற்பனையாளர் மறுப்பு அனுப்பினால், அது உங்களுக்கு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் அதிகாரிகளிடமோ நீதிமன்றத்திலோ புகார் செய்ததைத் தளத்துக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நடவடிக்கை விலக்கப்படும். மின்னஞ்சலைப் பார்க்க ஆளில்லாமல் இந்தக் கெடுவைத் தவறவிட்டால் அதுவரை செய்த வேலை வீண்.

தனி இணையதளம் வைத்து விற்பவர்களிடம் உங்கள் பெயர் கலந்த டொமைனைப் பிடுங்க 1999இல் வந்த யுடிஆர்பி நடைமுறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில், ஐந்து டொமைன் வரை ஒரே நடுவர் கொண்ட குழுவுக்கு 1,500 டாலர். டொமைன் கைமாறும் அல்லது ரத்தாகும், அவ்வளவுதான், நஷ்டஈடு கிடையாது. ஒரு வாரத்தில் தளத்தைக் கைவிட்டுப் போகிறவர்கள் மேல் இதைச் செலவழிப்பது என் கணக்கில் வீண். அவர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் கட்டணச் சேவைக்கு எழுதுவது மேல்.

சுங்கத்தில் டிரேட்மார்க்கைப் பதிந்து வைப்பது மலிவான வேலை, செய்பவர்கள் குறைவு. விண்ணப்பத்தோடு அதிகாரிக்குப் பயன்படும் ஒரு சிறு கையேடு கொடுங்கள்: உங்கள் அசல் சரக்கு எந்தத் துறைமுகம் வழியாக, யார் பெயரில், எப்படிப்பட்ட அட்டைப்பெட்டியில் வரும். இந்த வழியில் வராதது எல்லாம் தானாகச் சந்தேகத்துக்குரியதாகிவிடும். சரக்கு நிறுத்தப்பட்டதும் ட்ரிப்ஸ் தரும் கெடு 10 வேலை நாள், தேவையானால் இன்னும் 10. ஒற்றைப் பார்சலாக வருபவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 608/2013 விதியில் தனி ஏற்பாடு உண்டு: மூன்று உருப்படி வரை, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான அஞ்சல், கூரியர் பொதிகளை ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கேட்காமல் அழிக்கலாம். விண்ணப்பத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2019இல் உலக வர்த்தகத்தில் போலிச் சரக்கின் மதிப்பு 464 பில்லியன் டாலர், மொத்த இறக்குமதியில் 2.5% என்று பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியும் ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகமும் மதிப்பிட்டன. அதில் ஒரே நாட்டுக்குள் தயாராகி அங்கேயே விற்றது சேரவில்லை. அந்த ரகத்தைச் சுங்கம் பார்க்கவே போவதில்லை.

பொருளிலேயே ஒரு பூட்டு

எல்லாப் பெட்டியிலும் ஒரே க்யூஆர் கோடு அச்சிடுவது பயனற்றது, அதையும் நகலெடுப்பார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண் வேண்டும், அது வரிசை எண்ணாக இருக்கக் கூடாது. குழப்பம் தரும் எழுத்துகளை விட்டுவிட்டு 32 குறியீடுகளில் 10 இடம் கொண்ட எண் போட்டால் சுமார் 11,25,89,991 கோடி சேர்க்கைகள் கிடைக்கும். 10 லட்சம் எண்களை வெளியிட்டிருந்தாலும், குத்துமதிப்பாக ஒன்றைச் சரியாக அடிக்க 112 கோடி முயற்சிக்கு ஒன்று என்ற வாய்ப்புதான். ஒரு அசலை வாங்கி அதன் எண்ணையே ஆயிரம் பெட்டியில் அடித்தால், ஒரே எண் பல ஊர்களில் ஸ்கேன் ஆவது சர்வரில் தெரிந்துவிடும். இதற்கும் எதிர் வித்தை உண்டு: போலிக்காரர் தன் சொந்தக் கோடை ஒட்டி, உங்கள் தளம் போலவே தோன்றும் பக்கத்தில் 'அசல்' என்று பச்சை டிக் காட்டுவார். அதனால் எண்ணை உங்கள் தளத்திலேயோ செயலியிலேயோ போட்டுப் பார்க்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், ஸ்கேன் இட்டுச்செல்லும் பக்கத்தை நம்பச் சொல்லாதீர்கள். ஹாலோகிராம் ஸ்டிக்கரில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அசல் எப்படி மின்னும் என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது எதுவும் மின்னினால் போதும்.

கடைசியாக, அச்சு, துணி, எடை எல்லாம் அசலோடு ஒத்துப்போனால் உங்கள் தொழிற்சாலைப் பக்கம் திரும்புங்கள். ஒப்பந்தத் தயாரிப்பாளர் கூடுதலாக ஓட்டியதாக இருக்கலாம், தரச் சோதனையில் கழித்த சரக்கு வெளியே போயிருக்கலாம். கூடுதலாக ஓட்டியது உங்கள் அனுமதியின்றிக் குறியிட்ட சரக்கு, எனவே அதுவும் மீறல்தான். 10,000 உருப்படிக்கு 2% சேதம் வைத்து 10,200 லேபிள் கொடுத்தால், முடிவில் 10,000 பொருளும், மீந்த, கிழிந்த லேபிள்கள் 200ம் கணக்கில் திரும்ப வர வேண்டும். கழிவுச் சரக்கை உங்கள் ஆள் முன்னால் வெட்டி அழிக்க வேண்டும், வார்ப்பு அச்சுகள் யாருடைய சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தையும் மறக்கக் கூடாது: தொழிற்சாலை நேரடியாக அங்கே ஆர்டர் கொடுக்க முடிகிற வரை மேலே சொன்ன லேபிள் கணக்குக்கு அர்த்தமில்லை.